காசிமேடு போட்டோ பிரிண்ட்: 12×18-க்கு 6,500 ரூபாய் கொடுக்கலாமா?

டோல்கேட்_வாசி:

வணக்கம் மக்களே. திருவொற்றியூரில் புது பிளாட்டுக்கு வந்திருக்கிறோம். ஹாலில் பத்தடிச் சுவர் ஒன்று மொட்டையாக நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாம் ஏழு குதிரை படம் மாட்டுங்கள், வாஸ்துவுக்கு நல்லது என்கிறார்கள். எனக்கு அந்தக் குதிரைகளைப் பார்த்தாலே மூச்சு வாங்குகிறது.

இன்ஸ்டாகிராமில் ஒரு போட்டோகிராபரைக் கொஞ்ச காலமாகப் பார்த்து வருகிறேன். தனி ஆள், ஸ்டுடியோ எல்லாம் கிடையாது. ராயபுரம், கொருக்குப்பேட்டை, எண்ணூர் என்று நம்ம பக்கத்தைத்தான் எடுக்கிறார், அதுவும் சினிமாவில் காட்டுகிற மாதிரி அரிவாளும் ரத்தமுமாக இல்லாமல். தன்னுடைய தளத்தில் பிரிண்ட் விற்கிறார். எனக்குப் பிடித்தது காசிமேடு துறைமுகம், விடியற்காலை, விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கிற படம். 12×18 அங்குலம், பிரேம் இல்லாமல் 6,500 ரூபாய். 20×30 என்றால் 14,000. மொத்தம் 25 பிரதிதான் போடுவாராம். கையெழுத்தும் எண்ணும் போட்டு, ஒரு சான்றிதழோடு குழாயில் சுருட்டி அனுப்புவாராம்.

தெருமுனை லேபில் 12×18 இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், அப்புறம் இந்த 6,500 எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. வாங்கியவர்கள், விற்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பணம் அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

பட்ஜெட்_பாண்டி:

ப்ரோ, ஸ்கிரீன்ஷாட் எடு, லேபில் கொடு, மாட்டு. மிச்சப் பணத்துக்கு அதே காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கு.

இருட்டறை:

வஞ்சிரம் வரைக்கும் சரி பாண்டி, அதற்கு முன்னால் சொன்னது நடக்காது. இன்ஸ்டாகிராம் படத்தைச் சுருக்கித்தான் வைக்கிறது, பெரும்பாலும் அகலம் 1080 பிக்சல். அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 60 பிக்சல்தான் வரும். கிட்டே நின்று பார்க்கிற பிரிண்டுக்கு 300 வேண்டும், சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதற்கு 200 இருந்தாலும் ஒப்பேற்றலாம். 60-ல் போட்டுப் பார், படகுக் கயிறெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். அதற்கும் மேலே அது திருட்டு, அதைச் சட்டம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லட்டும்.

டோல்கேட், நானும் பிரிண்ட் விற்கிறவன்தான், பெரம்பூர் பக்கம். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

லேப் பிரிண்ட் மட்டமானது என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே இருக்கிற மெஷின் ஒன்று ரசாயனத்தில் கழுவி எடுக்கிற பழைய முறைப் பேப்பராக இருக்கும், இல்லையென்றால் சாய மையில் அச்சடிக்கிற டிரை லேபாக இருக்கும். பிறந்தநாள் படத்துக்கும் கல்யாண ஆல்பத்துக்கும் தாராளமாகப் போதும். சிக்கல் மெஷினில் இல்லை, 'ஆட்டோ கரெக்‌ஷன்' என்கிற பொத்தானில் இருக்கிறது. விடியற்காலைப் படம் என்றால் அது இருட்டாகத்தான் இருக்கும், நீலமாகத்தான் இருக்கும். மெஷின் அதை ஒரு குறையாகப் பார்த்து நிழலைத் தூக்கி, நீலத்தை வெளுத்து, காலை நாலரை மணியைப் பகல் பதினொன்று ஆக்கிக் கொடுத்துவிடும். கவுண்டரில் இருக்கிற பையன் "சூப்பரா வந்திருக்கு சார்" என்பான். அவனைப் பொறுத்தவரை அது சூப்பர்தான்.

அந்த போட்டோகிராபர் செய்வது வேறு வேலை. பருத்தியில் செய்த கனமான தாள், சதுர மீட்டருக்கு 300 கிராம் பக்கம் வரும். ஹானமூல என்ற ஜெர்மன் கம்பெனியின் 'போட்டோ ராக்' 308 கிராம் தாளை இங்கே நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள், 1584-லிருந்து தாள் செய்கிற இடம் அது. அதன்மேல் பிக்மென்ட் மை. சாய மை நீரில் கரைந்த நிறம், வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். பிக்மென்ட் என்பது நுண்ணிய நிறத்துகள், தாள்மேல் உட்கார்ந்து நிற்கும். ஒரு பிரிண்ட் உங்களுக்கு வருவதற்கு முன்னால் சின்னச் சின்னத் துண்டுகளாகச் சோதனை அடித்து, திரையில் தெரிந்த இருட்டு தாளில் எப்படி வருகிறது என்று பார்த்து, மறுபடி திருத்தி... திரை தானே வெளிச்சம் விடுகிறது, தாள் விடாது, அதனால் முதல் துண்டு எப்போதும் கூடுதல் இருட்டாகத்தான் வரும்.

தாளும் மையும் அச்சும் சேர்ந்து 6,500 ஆகுமா என்றால் ஆகாது. மிச்சம் அவருடைய கூலி. அந்தப் படத்துக்காக அவர் எத்தனை நாள் இரண்டு மணிக்கு எழுந்து போய் வெறுங்கையோடு வந்தார் என்பதற்கு யாரும் பில் போட்டுத் தரமாட்டார்கள்.

கேட்க வேண்டியதா? தாளின் பெயர் என்ன, மை பிக்மென்டா சாயமா, மூலக் கோப்பு எத்தனை பிக்சல், அச்சடிப்பது அவரா வெளியே லேபா, வெளியே என்றால் அச்சு வந்ததும் அவர் கண்ணால் பார்த்துத்தான் அனுப்புகிறாரா. குழாய் நசுங்கி வந்தால் வேறு தருவாரா. அப்புறம், அதே படத்தின் நிஜமான பிரிண்ட் ஒன்றை ஜன்னல் ஓரத்தில் வைத்து செல்போனில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தளத்தில் சோபாவுக்கு மேலே மாட்டியிருக்கிற மாதிரி காட்டுவதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒட்டியது. இதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னார் என்றால் வாங்குங்கள். "டீடெய்ல் எல்லாம் எதுக்கு சார், குவாலிட்டி நல்லா இருக்கும்" என்றால் பாண்டி சொன்ன வஞ்சிரத்துக்கே போய்விடுங்கள்.

எண்ணூர்_முகத்துவாரம்:

மேலே சொன்னதோடு இன்னொன்று. அந்தப் படம் அவருடையதுதானா என்று பாருங்கள்.

நான் ஒரு தடவை வீட்டு அலங்காரப் பொருள் விற்கிற தளம் ஒன்றில் கேன்வாஸ் வாங்கினேன், பெயர் வேண்டாம். மிண்ட் தெரு, மழை, பஸ். மாட்டி ரொம்ப நாள் கழித்து என் பெண்தான் கேட்டாள், "ஏம்பா பஸ் ராங் சைடுல போகுது?" கிட்டே போய்ப் பார்த்தால் கடைப் பலகையில் எழுத்தெல்லாம் வலம் இடமாகப் புரண்டிருக்கிறது. படத்தைக் கண்ணாடி போட்டுத் திருப்பியிருக்கிறார்கள். எதற்கு? இணையத்தில் படத்தை வைத்துத் தேடினால் மூலம் சிக்கக்கூடாது என்பதற்கு. நான் திருப்பிப் போட்டுத் தேடியபோது உண்மையான ஆள் கிடைத்தார், அவருக்கு இப்படி ஒன்று விற்பதே தெரியாது. கம்பெனியிலிருந்து பணமும் வரவில்லை பதிலும் வரவில்லை.

கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், ஒரு முறை திருப்பியும் போடுங்கள். அதைவிடச் சுலபமான வழி, அதே காலையில் எடுத்த வேறு இரண்டு படங்களைக் காட்டச் சொல்வது. எடுத்தவரிடம் முன்னும் பின்னும் கட்டாயம் இருக்கும்.

டோல்கேட்_வாசி:

முகத்துவாரம் அண்ணா, மிண்டில் பஸ் எந்தப் பக்கம் போனாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

கேள்விகளை எல்லாம் அவருக்கு அனுப்பிவிட்டேன். பதில் வந்ததும் போடுகிறேன். படத்தின் லிங்கைக் கீழே வைத்திருக்கிறேன், பாருங்கள்.

சட்டப்_பாயிண்ட்:

பாண்டிக்கு: பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் போட்டோவும் கலைப்படைப்புதான். எடுத்தவரே உரிமையாளர். 2012 திருத்தத்துக்குப் பிறகு அவர் காலம் முழுக்க, அதற்கப்புறம் 60 ஆண்டுகள். ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து ஹாலில் மாட்டினால் போலீஸ் வராது என்பது வேறு விஷயம்.

டோல்கேட்டுக்கு: பிரிண்ட் வாங்கினால் உங்களுக்குச் சொந்தமாவது தாள் மட்டும். மாட்டலாம், பரிசாகக் கொடுக்கலாம், பிடிக்கவில்லை என்றால் விற்கலாம். ஸ்கேன் செய்து மச்சான் கடை காலண்டரில் போடக்கூடாது, பிளெக்ஸ் அடிக்கக்கூடாது. உரிமையே வேண்டும் என்றால் எழுத்தில் எழுதி வாங்க வேண்டும், அதற்கு விலையே வேறு. கல்யாண போட்டோவில் மட்டும் கதை தலைகீழ்: காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் உரிமை, வேறு ஒப்பந்தம் போடாத வரை. ரொம்ப பேருக்கு இது தெரியாது, ஸ்டுடியோக்காரர்களும் சொல்ல மாட்டார்கள்.

பழைய_ஸ்டேஷன்:

கேள்விக்குக் கொஞ்சம் வெளியேதான். 'அரிய பழைய மெட்ராஸ்' என்று சிலர் பிரிண்ட் விற்கிறார்களே, அதற்கும் இவ்வளவு விலை கேட்கிறார்கள். ராயபுரம் ஸ்டேஷன் பழைய படம் ஒன்று பார்த்தேன், 1856-ல் ஜூலை 1-ந் தேதி இங்கிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போன கதையெல்லாம் அடியில் எழுதி, நாலாயிரம். வாங்கலாமா?

சட்டப்_பாயிண்ட்:

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படத்துக்கு இன்றைக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. நூலகங்கள், அருங்காட்சியகங்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. பெரிய கோப்பாகத் தேடி இறக்கி நீங்களே நல்ல தாளில் போட்டுக்கொள்ளலாம். அந்த நாலாயிரத்தில் தாளுக்கும் அச்சுக்கும் நியாயமான கூலி போக மீதி, தேடிக் கொடுத்ததற்குத்தான். தேடத் தெரியாதவர்கள் கொடுக்கலாம், தப்பில்லை.

வலைக்காரி:

லிங்கில் போய்ப் பார்த்தேன். எங்கள் வீடு துறைமுகத்துக்குப் பின்பக்கம். படம் நன்றாகத்தான் இருக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கீழே "மீனோடு கரை திரும்பிய படகுகள், ஒரு ஞாயிறு காலை" என்று எழுதியிருக்கிறாரே, அது எப்படி?

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். போட்கள் ஐந்தாறு வரிசைக்கு ஒன்றோடொன்று கட்டிக் கிடக்கின்றன. இடது ஓரத்துப் போட்டில் பாதி உடம்புக்குப் புதுப் பெயின்ட், பாதிக்குப் பழைய பெயின்ட். கரையில் ஒருவர் வலையைக் குவித்துப் போட்டு, நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலைப் பின்னுகிறார். ஐஸ் பெட்டி இல்லை, கூடை இல்லை, ஏலக் கூட்டம் இல்லை, ஒரு காக்கா கூட இல்லை. மீன் வந்த ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் காக்கா இல்லாமல் இருக்குமா? அந்த இடத்தில் நின்று கேமரா முக்காலியை நிறுத்த முடியுமா முதலில்?

அது தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. அப்போதுதான் எல்லா போட்டும் கட்டிக் கிடக்கும், பெயின்ட் அடிப்பார்கள், என்ஜின் இறக்குவார்கள், வலை பின்னுவார்கள். எங்கள் வீடுகளில் கையில் காசு இல்லாத இரண்டு மாதம் அது. அதை எடுத்து 'மீனோடு திரும்பிய' என்று எழுதினால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

இன்னொன்றும் கேட்கிறேன். அதே தளத்தில் மீன் வெட்டுகிற அம்மா ஒருவர் முகம் மட்டும் கிட்டத்தில் எடுத்த படம், 8,000 ரூபாய், 25 பிரதி. அந்த அம்மாவுக்கு இது தெரியுமா? என் பெரியம்மா முகம் ஒரு ஓட்டல் சாப்பாட்டு ஹால் சுவரில் இருக்கிறது, யாரோ எடுத்தது, யாரோ விற்றது. நாங்கள் போய்ப் பார்த்துவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்தோம். காபிக்கும் காசு வாங்கினார்கள்.

பட்ஜெட்_பாண்டி:

அக்கா, காக்கா பாயிண்ட் செம. ஆனால் ஹாலில் மாட்டுகிறவருக்குத் தலைப்பு எதற்கு? படம் நல்லா இருந்தால் போதாதா?

வலைக்காரி:

சான்றிதழ் என்று ஒரு தாள் தருகிறார் இல்லையா, அதில் அந்த வரிதான் அச்சாகி வரும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் இவர் அதைத்தான் சொல்லப் போகிறார். 25 வீட்டில் அதே பொய்.

இருட்டறை:

வலைக்காரி அக்கா சொல்வது எங்கள் ஆட்கள் எல்லோரும் படிக்க வேண்டியது. தலைப்பு எழுதுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொண்டு, விற்கிற மாதிரி ஏதோ ஒரு வரி போட்டுவிடுகிறோம்.

முகத்தை விற்பது பற்றி என் வழக்கத்தைச் சொல்கிறேன். தெருவில் எடுத்த முகத்தை நான் பிரிண்டாக விற்பதில்லை, அவரிடம் போய்ப் பேசி, விற்கப் போகிறேன் என்று சொல்லி, முதல் பிரதியை அவர் கையில் கொடுத்த பிறகுதான். "என் மூஞ்சியை எவன் வாங்குவான்" என்று சிரிப்பவர்களும் உண்டு, "வேண்டாம் கண்ணு, எம்புள்ளைக்குப் பிடிக்காது" என்று சொன்னவர்களும் உண்டு. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும். படகு, பாலம், சுவர் என்றால் இந்தத் தொல்லை இல்லை, சோம்பேறிகள் எல்லாம் அதனால்தான் படகு எடுக்கிறோமோ என்று எனக்கே சந்தேகம் உண்டு.

டோல்கேட்_வாசி:

பதில் வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக எழுதியிருக்கிறார்.

கேமரா 24 மெகாபிக்சல், கோப்பு 6000×4000, வெட்டாமல் அப்படியே. தாள் இருட்டறை சொன்ன அதே 308 கிராம் பருத்தித் தாள், பிக்மென்ட் மை. அச்சடிப்பது வெளியே, ஆனால் கூட நின்று துண்டு போட்டுப் பார்க்கிறாராம். ஜன்னல் ஓரத்துப் படமும் அனுப்பினார், தளத்தில் இருப்பதைவிட அடக்கமான நிறம். எனக்கு அது இன்னும் பிடித்திருக்கிறது. அதே காலையில் எடுத்த வேறு படங்களும் காட்டினார், அவருடையதுதான்.

தலைப்பைக் கேட்டேன். வலைக்காரி அக்கா எழுதியதை அப்படியே அனுப்பினேன். எடுத்தது மே மாதம் என்று கோப்பிலேயே இருக்கிறதாம், தளத்துக்கு எழுதும்போது அழகுக்காகப் போட்ட வரியாம். இப்போது "தடைக்காலம், காசிமேடு, மே" என்று மாற்றியிருக்கிறார், போய்ப் பாருங்கள். மீன் வெட்டுகிற அம்மாவுக்கு ஒரு பிரதி பிரேம் போட்டே கொடுத்தாராம், அவர்கள் வீட்டில் மாட்டியிருக்கிற படத்தையும் அனுப்பினார். விற்பது அவருக்குத் தெரியும் என்கிறார். பங்கு கொடுத்தீர்களா என்று கேட்டேன், அதற்கு மட்டும் நேராகப் பதில் வரவில்லை, "அதை யோசிக்க வேண்டும்" என்றார்.

எனக்கு இடிக்கிற இடம் வேறு. 25 பிரதி என்றது ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி 25-ஆம். அதாவது 12×18-ல் 25, 20×30-ல் 25. அப்போது மொத்தம் 50 ஆகிவிடுகிறதே? நாளைக்கு இன்னோர் அளவு கொண்டுவந்தால்?

இருட்டறை:

இது நம்ம ஊர்ச் சண்டை மட்டும் இல்லை. வில்லியம் எக்கிள்ஸ்டன் என்ற அமெரிக்க போட்டோகிராபர், கலர் போட்டோவைக் கலை என்று ஒப்புக்கொள்ள வைத்தவர்களில் ஒருவர். அவருடைய பழைய படங்களை டை டிரான்ஸ்பர் என்ற முறையில் சின்ன அளவில், எண்ணிக்கை வரையறுத்து விற்றிருந்தார்கள். 2012-ல் அதே படங்களில் சிலவற்றை மிகப் பெரிய அளவில் டிஜிட்டல் பிரிண்டாகப் போட்டு ஏலத்தில் விட்டார், நல்ல விலைக்குப் போயின. பழைய பிரிண்ட்களை வாங்கி வைத்திருந்த ஜொனாதன் சோபல் என்பவர், என் பிரிண்டின் மதிப்பைக் குறைத்துவிட்டார் என்று வழக்குப் போட்டார். 2013-ல் நியூயார்க் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. புது அளவு, புது முறை, அதனால் அது வேறு வரிசை என்று கணக்கு.

எண்ணிக்கைக்குள் எல்லா அளவும் அடங்குமா என்பதைச் சான்றிதழில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் அவர் வார்த்தை, எழுதாவிட்டால் வெறும் பேச்சு. மற்றபடி, விலை ஏறும் என்று நினைத்து வாங்காதீர்கள். அன்செல் ஆடம்ஸ் என்ற அமெரிக்க போட்டோகிராபர் தன் நிலவுப் படத்தை, 1941-ல் எடுத்தது, கையாலேயே ஆயிரத்துக்கும் மேல் பிரதி போட்டார், எண்ணிக்கை எதுவும் கட்டவில்லை. அது இன்றைக்கும் லட்சக்கணக்கில் போகிறது. 25 என்று எழுதிய எத்தனையோ படங்களை இரண்டாம் கையாக வாங்க ஆள் இல்லை.

வலைக்காரி:

தலைப்பு மாற்றியதைப் பார்த்தேன். நல்லது.

பங்கு விஷயத்தில் "யோசிக்க வேண்டும்" என்பதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பழக்கம். 8,000 வீதம் 25 போனால் இரண்டு லட்சம். போட் ஓனரே பிடித்த மீனில் பங்கு பிரிக்கிறார், வலை இழுத்தவனுக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. இதில் மட்டும் கணக்கு கிடையாதா? பிரேம் போட்ட படத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மா அரிசி வாங்க முடியாது.

பட்ஜெட்_பாண்டி:

எத்தனை விற்றது என்று தெரியாமல் இரண்டு லட்சம் என்று சொல்லக்கூடாது அக்கா. இரண்டு விற்றிருக்கும். இந்த ஆட்களில் பாதிப்பேர் கல்யாணம் எடுத்துத்தான் வாடகை கட்டுகிறார்கள்.

வலைக்காரி:

இரண்டு விற்றால் இரண்டில் பங்கு.

மிண்ட்_பிரேம்:

நான் பிரேம் கடை வைத்திருக்கிறேன். பாதி வேலை சாமி படம், மீதி இறந்தவர்கள் படம். இப்போது இந்த மாதிரி பிரிண்டும் வருகிறது, அதைக் கொண்டுவருகிறவர்கள் கடையில் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமல் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்புறம் கெட்டுப்போனால் போட்டோகிராபரைத் திட்டுகிறார்கள்.

வழக்கமாகச் சாமி படம் எப்படிப் போடுவோம்: ஹார்டுபோர்டில் ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டுத் தடவி, படத்தை ஒட்டி, துணியால் அழுத்தித் தேய்த்து, மேலே நேராகக் கண்ணாடி வைத்து, பீடிங் என்கிற சுற்றுச் சட்டத்தை அடித்து, பின்னால் பிரவுன் பேப்பர் ஒட்டிவிடுவோம். இருபது நிமிஷ வேலை. உங்கள் 6,500 ரூபாய் தாளை அப்படிப் போட்டால் தீர்ந்தது. ஒட்டினதை உரிக்கவே முடியாது. கண்ணாடி நேராகத் தொட்டுக்கொண்டு இருந்தால், நம்ம கடலோரக் காற்றின் ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டுப் பழைய கறுப்பு வெள்ளைக் குடும்பப் படத்தைப் பாருங்கள், மூலையில் ஈரக் கறை மாதிரி ஒன்று இருக்கும், அது இப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

அதனால் கடையில் இப்படிச் சொல்லுங்கள். படத்தை ஒட்டக்கூடாது, மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் அமிலம் இல்லாத டேப்பில் தொங்கவிட வேண்டும். சுற்றி மவுண்ட் போர்டு, அதாவது நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டின அட்டை, அதுவும் அமிலம் இல்லாதது, இரண்டு மில்லி கனமாவது இருக்க வேண்டும், அப்போதுதான் கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி கிடைக்கும். சாதா மவுண்ட் போட்டால் வெட்டின விளிம்பு சில வருஷத்தில் பழுத்து, அந்த மஞ்சள் தாளுக்கும் இறங்கும். பின்னால் எம்.டி.எஃப் என்கிற மரத்தூள் பலகை வேண்டாம், ஈரம் குடித்து உப்பும். மரப் பீடிங் என்றால் தேக்கு, விலை அதிகம் என்றால் சிந்தடிக் போட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை, கரையான் தொடாது. மட்ட மரத்துக்கு மேலே பாலிஷ் அடித்துத் தேக்கு என்று தருகிறவர்கள் உண்டு, விளிம்பைச் சுரண்டிப் பார்க்கவும்.

'மேட் லேமினேஷன் போட்டுறலாமா' என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பருத்தித் தாள் வாங்கியதே அதன் மேல்தோலைப் பார்க்கத்தான், அதன்மேல் பிளாஸ்டிக் ஒட்டினால் இருநூறு ரூபாய் லேப் பிரிண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

மாட்டும்போது கீழ் மூலை இரண்டிலும் பின்பக்கம் ரப்பர் துண்டு ஒட்டுங்கள், பழைய ஹவாய் செருப்பை வெட்டி ஒட்டினாலும் போதும். பிரேம் சுவரைத் தொடாமல் காற்று ஓட வேண்டும். பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் வருவது அந்தப் பின்பக்க இருட்டிலிருந்துதான்.

எண்ணூர்_முகத்துவாரம்:

பிரேம் அண்ணா சொன்னதற்கு மேலே ஒன்று. எந்தச் சுவர் என்று பாருங்கள். மழை நேராக அடிக்கிற வெளிச்சுவர் என்றால் உள்ளே பெயின்ட் உப்பிக்கொண்டு வரும், அதில் படம் மாட்டவே வேண்டாம், நடுச்சுவரில் மாட்டுங்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஆர்டரும் போடாதீர்கள், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொரியர் குழாய் எங்கே நனைந்து கிடக்கும் என்று சொல்ல முடியாது. போட்டே ஆக வேண்டும் என்றால் உள்ளே பிளாஸ்டிக் உறை போடச் சொல்லுங்கள். தரைவீட்டில் இருப்பவர்கள் உயரத்தையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது, சுவரில் கறுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. படத்தை எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலேதான் மாட்டியிருக்கிறோம்.

'100 வருடம் நிறம் மங்காது' என்று தளத்தில் போட்டிருப்பார்கள், அதையும் கொஞ்சம் கழித்துப் படியுங்கள். அந்த மாதிரிக் கணக்கு வில்ஹெல்ம் என்ற அமெரிக்கச் சோதனைக்கூடத்தின் வழியில் வருவது. 24 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் இவ்வளவு வெளிச்சம் என்று வைத்துக்கொண்டு போடுகிற கணக்கு. நம்ம வீட்டில் 24 டிகிரி ஏசிக்குள் மட்டும்தான். ஈரப்பதம் 60-க்குக் கீழே இறங்கினால் உதடு வெடிக்கிறது என்று புகார் சொல்கிற ஆட்கள் நாம். பிக்மென்ட் நல்லதுதான், சாயத்தைவிட எவ்வளவோ மேல். நூறு என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

பட்ஜெட்_பாண்டி:

6,500 பிரிண்ட், அமிலம் இல்லாத மவுண்ட், தேக்கு பீடிங், ஏசி. ஏழு குதிரையே பரவாயில்லை போல.

டோல்கேட்_வாசி:

பாண்டி, குதிரை உனக்கு. கிரகப்பிரவேசத்தில் வந்தது ஒன்று பரணில் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்.

அளவில் குழப்பம். செய்தித்தாளை 12×18-க்கு வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன், சோபாவிலிருந்து பார்த்தால் ஸ்விட்ச் போர்டு அளவுக்குத்தான் தெரிகிறது. 20×30 வெட்டி ஒட்டினால் சரியாக இருக்கிறது, ஆனால் 14,000, அப்புறம் 6000 பிக்சலை 30 அங்குலத்துக்கு இழுத்தால் 200-தானே வருகிறது?

இருட்டறை:

200 போதும், ஆறேழு அடி தள்ளித்தானே உட்காரப் போகிறீர்கள். பணம்தான் தடை என்றால் 16×24 போடுவாரா என்று கேளுங்கள், 250 வரும். மவுண்ட் போர்டு சுற்றிலும் மூன்று அங்குலம் விட்டால் மொத்தம் 22×30 ஆகிவிடும், சுவரில் நீங்கள் ஒட்டின செய்தித்தாள் அளவு கிடைத்துவிடும். சின்னப் பிரிண்ட், பெரிய மவுண்ட் என்பது பழைய தந்திரம்தான், பார்க்க எடுப்பாகவே இருக்கும்.

டோல்கேட்_வாசி:

கேட்டேன். 16×24 வரிசையில் இல்லை, ஆனால் 20×30-க்கான 25-க்குள் ஒன்றாக எண்ணிப் போட்டுத் தருகிறேன் என்றார், 9,500. சான்றிதழில் "எல்லா அளவும் சேர்த்து 50-க்கு மேல் போகாது" என்று எழுதச் சொன்னேன், ஒப்புக்கொண்டார். புதுத் தலைப்போடுதான் வரும். பாதிப் பணம் ஜிபேயில் அனுப்பிவிட்டேன், மீதி கையில் வாங்கும்போது. குழாய் வேண்டாம், நேரில் வந்து சமமாகவே வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் சந்திக்கலாம் என்றிருக்கிறார்.

மீன் வெட்டுகிற அம்மா விஷயத்தையும் மறுபடி கேட்டேன் அக்கா. ஏற்கனவே மூன்று விற்றிருக்கிறதாம். அந்த அம்மாவிடம் போய்ப் பேசுகிறேன் என்று எழுதியிருக்கிறார். எவ்வளவு என்று எழுதவில்லை.

வலைக்காரி:

மூன்று என்று சொன்னாரே, அதுவே பெரிது. அந்த அம்மா எந்த வரிசையில் உட்காருவார் என்று எனக்குத் தெரியும், நானே போய்க் கேட்டுக்கொள்கிறேன்.

மிண்ட்_பிரேம்:

மெட்ரோவில் வாங்கினால் சுருட்டாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து எடுத்து வாருங்கள், மேல் பக்கத்தை விரலால் தொட வேண்டாம், கை எண்ணெய் கறையாக நின்றுவிடும். 22×30-க்கு அமிலம் இல்லாத போர்டு கையிருப்பில் இல்லை, வரவழைக்க வேண்டும். அளவைச் சரிபார்த்து முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை மதியம் வரைதான்.